பினாங்குல மிதக்கும் நகரம் கட்டினா கடலைத் தூர்க்க வேண்டிய அவசியம் இருக்காதா?

தம்பி கேட்டிருக்கிறது இதுதான். தீவுக்குத் தெற்கால கடல்ல மண்ணைக் கொட்டி நிலம் எடுக்குறாங்க, மீனவங்க பொழப்பு அடிபடுது, அதுக்குப் பதிலா மாலத்தீவுல பண்ற மாதிரி ஒரு மிதக்கும் நகரத்தைக் கட்டிட்டா கடலும் தப்பிக்கும், சுனாமி வந்தாலும் நகரம் அலையோட ஏறி எறங்கிடும், இதை ஏன் இங்க யாரும் பெருசா பேசமாட்டேங்குறாங்க? படிச்சுப் பார்த்தா இதுல மூணு கேள்வி ஒண்ணா கலந்து கெடக்கு. அவ்வளவு பெருசா ஒண்ணை மிதக்க வைக்க முடியுமா, அதுக்குக் கீழ இருக்குற கடல் நல்லாருக்குமா, மேல இருக்குறவங்க பாதுகாப்பா இருப்பாங்களா. நான் பல வருஷமா கடல் கட்டுமானத்துல இருக்கேன், ஜெட்டி (படகுத்துறை), பைலிங் (கடலடியில தூண் எறக்குறது), பாண்டூன் (மிதக்குற பெட்டி), பழைய தூணை சோதிக்கிறது இதுதான் பொழப்பு. அதனால மொதலுக்கும் கடைசிக்கும் உறுதியா பதில் சொல்ல முடியும். நடுவுல இருக்குறது கடல் உயிரியல், அதுல என் அறிவு ஓரளவுக்குத்தான், அந்த எடம் வரும்போது சொல்லிடறேன்.

மொதல்ல ஒண்ணைப் பிரிச்சு வெச்சுக்குவோம். தண்ணி மேல கட்டுறதுன்னா மூணு வழி இருக்கு. கால் ஊன்றி நிக்கிறது, மண்ணு கொட்டித் தூர்க்கிறது (இங்க எல்லாரும் தம்பாக்னு சொல்றது), அப்புறம் நெஜமாவே மிதக்குறது. பினாங்குல நாம பாக்குறது பெரும்பாலும் மொத ரெண்டும்தான். பெங்காலான் வெல்ட்ல இருக்குற சியூ ஜெட்டி, லிம் ஜெட்டி, டான் ஜெட்டி எல்லாம் கால் மேல நிக்கிற வீடு. தஞ்சோங் பூங்கா மிதக்கும் பள்ளிவாசலும் கான்கிரீட் தூண் மேலதான் நிக்குது, தண்ணி ஏறும்போது தூண் மறைஞ்சு மிதக்குற மாதிரி தெரியும், அவ்வளவுதான். புருணையில கம்போங் ஆயர் இதைவிடப் பழசு, 1521ல மெகல்லனோட கப்பல்ல வந்த பிகாஃபெட்டா அந்தத் தண்ணி ஊரைப் பத்தி எழுதி வெச்சிருக்காரு. ஆக கடல் மேல வாழுறது நம்ம பக்கத்துக்குப் புதுசே இல்ல, ஆனா அதெல்லாம் கால் ஊன்றின வாழ்க்கை, மிதக்குறது வேற கணக்கு.

மிதக்குற கணக்கு ரொம்ப நேர்மையானது. உப்புத்தண்ணியில ஒரு சதுர மீட்டர் பரப்பு 10 சென்டிமீட்டர் அமுங்கணும்னா அதுக்கு மேல சுமார் 100 கிலோ வெக்கணும். இப்ப 20 மீட்டர் நீளம் 10 மீட்டர் அகலத்துல உள்ள காலியா ஒரு கான்கிரீட் பெட்டி செஞ்சு, அதுக்கு மேல 100 டன்னுல ஒரு வீட்டைக் கட்டுறோம்னு வெச்சுக்குங்க. வீட்டோட எடைக்கு அது அமுங்குறது அரை மீட்டருக்குள்ளதான். ஆனா அந்தப் பெட்டியோட சொந்த எடையே, அடித்தளம் 20 சென்டிமீட்டர், சுவரு, தடுப்பு, மேல்தளம்னு போட்டுப் பார்த்தா 270 டன் பக்கம் வந்துடும், அதுக்கு மட்டும் 1.3 மீட்டர் அமுங்கும். மொத்தம் 1.8 மீட்டர் தண்ணிக்குள்ள. விசேஷ வீட்டுல ஒரு 60 பேர் போட்டோ எடுக்க ஒரே பக்கமா வந்து நின்னா சுமார் ஒரு டிகிரி சாயும், அந்த ஓரம் ஒரு 9 சென்டிமீட்டர் தாழும், பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல, ஆனா தட்டுல இருக்குற ரசம் ஒரு பக்கமா ஒதுங்கும். இதுவரைக்கும் எல்லாமே நிச்சயமான விஷயம், கப்பல் கட்டுறவங்க ரொம்ப காலமா போடுற கணக்கு.

சிக்கல் உயரத்துல வரும். கட்டடம் மேல போகப் போக எடையோட மையம் மேல போகும், அதைச் சமாளிக்க அடி அகலமாகணும், அகலமானா பெட்டி பெருசாகும், ரொம்பப் பெருசான பெட்டி அலையில விறைப்பா நிக்காம வளைய ஆரம்பிக்கும். ஜப்பான்காரங்க தோக்கியோ விரிகுடாவுல 1000 மீட்டர் நீளத்துல மெகா ஃப்ளோட்னு ஒண்ணு கட்டி, அது மேல விமானத்தை எறக்கி ஏத்திக்கூட சோதிச்சாங்க, 1999, 2000 வாக்குல. அதோட கனம் வெறும் 3 மீட்டர்தான். அலை அடிச்சா அது கட்டையா ஆடாது, பாய் மாதிரி நெளியும். விமானம் ஓடுற அளவுக்கு அந்த நெளிவு பரவாயில்லன்னு நிரூபிச்சாங்க, ஆனா அதையும் சோதனை முடிஞ்சதும் பிரிச்சுட்டாங்க. இப்ப தெற்கால மண்ணைக் கொட்டி எடுக்குற நம்ம சிலிக்கான் தீவை எடுத்துக்குங்க. மொதல்ல 3 தீவு, 4,500 ஏக்கர்னு ஆரம்பிச்சு 2023ல ஒரே தீவு, 2,300 ஏக்கர்னு கொறச்சாங்க. சிங்கப்பூர் மரீனா பேல முன்னாடி தேசிய தின அணிவகுப்பு நடந்துச்சே அந்த மிதக்கும் மேடை, 120 மீட்டருக்கு 83 மீட்டர், கிட்டத்தட்ட ரெண்டரை ஏக்கர்தான். அதுபோல 900க்கு மேல சேர்த்தாத்தான் சிலிக்கான் தீவோட பரப்பு வரும். அதோட அங்க திட்டம் வீடு மட்டும் இல்ல, சிப் ஃபேக்டரி. பாயான் லெப்பாஸ் சிப் ஃபேக்டரிங்கள்ல வேலை செய்யுறவங்களுக்குத் தெரியும், அந்த மெஷினுங்களுக்கு வெளிய லாரி போற அதிர்வே ஆகாது, அதுக்குன்னே தனியா தரை போடுவாங்க. நெளியுற தரையில அதை வெக்கவே முடியாது. அதனால "தம்பாக்குக்குப் பதிலா மிதக்கும் நகரம்"ங்கிற ஒண்ணுக்கு ஒண்ணு மாத்து இந்த விஷயத்துல நடக்காது, இதை நான் தயங்காம சொல்லுவேன். அதுக்காக தம்பாக் சரின்னு அர்த்தம் இல்ல. தெற்கால அவ்வளவு நிலம் வேணுமாங்கிறது வேற கேள்வி, அதை அந்தக் கேள்வியாவே கேக்கணும், மிதக்கும் நகரத்தைக் காட்டிக் கேட்டா எதிர்த்தரப்பு ரெண்டே நிமிஷத்துல தட்டி விட்டுடுவாங்க.

என்னோட அனுபவத்துல மிதக்குறது என்னைக்குமே பெரிய தலைவலியா இருந்ததில்ல. மிதக்குறதையும் கரையையும் இணைக்கிற எடம்தான் தலைவலி. பினாங்குல பெரிய ஏத்தவத்தம் வர்ற நாள்ல தண்ணி சுமார் 2 மீட்டர் ஏறி எறங்கும், அதுவும் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. பழைய ஃபெர்ரியில கார் ஏத்துனவங்களுக்கு ஞாபகம் இருக்கும், சில நேரம் அந்த இரும்புப் பாலம் சமமா இருக்கும், சில நேரம் கார் மூக்கு கீழ குத்துற மாதிரி எறங்கும், காரணம் இதுதான். சக்கர நாற்காலி போற சரிவு 12க்கு 1ன்னு வெச்சா, 2 மீட்டர் வித்தியாசத்துக்கு 24 மீட்டர் நீளமான பாலம் வேணும், ரெண்டு பக்கமும் கீல் வெச்சு, ஒரு முனையில உருளை வெச்சு. இது மனுஷன் நடக்குறதுக்கு. தீயணைப்பு வண்டி போகணும்னா, குப்பை லாரி போகணும்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அப்புறம் அதே கீல் வழியா குடிதண்ணி, கரண்டு, கழிவுக்குழாய் எல்லாம் போகணும், எல்லாமே வளைஞ்சு கொடுக்கணும், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, வருஷம் பூரா. நான் ஒரு எடத்துல சோதனைக்குப் போனப்போ பாண்டூன் புதுசு மாதிரி இருந்துச்சு, கான்கிரீட்ல ஒரு கீறல் இல்ல, ஆனா கரைப்பக்கம் கீல்ல இருந்த இரும்பு முள்ளு பாதிக்கு மேல தேஞ்சு போச்சு, பக்கத்துல தொங்குன ரப்பர் குழாய் வளையுற எடத்துல மட்டும் விரல் வெச்சா வெடிப்பு தட்டுப்படுது. உப்புத்தண்ணி மேல தெறிச்சு காஞ்சு, தெறிச்சு காஞ்சு இருக்குற அந்த ஒரு மீட்டர் உயரம்தான் கடல் கட்டுமானத்துல எல்லாமே சாகுற எடம். தண்ணிக்குள்ளயே முழுசா மூழ்கி இருக்குற கம்பி அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்காது, ஏன்னா அங்க ஆக்சிஜன் கம்மி. ஆளுங்க நேர்மாறா நெனைப்பாங்க.

கழிவுநீர் தனியா ஒரு பாரா எழுதுற அளவுக்கு முக்கியம். நிலத்துல கழிவு சரிவுல தானா ஓடும், மிதக்குற ஊர்ல எல்லாத்தையும் பம்ப் வெச்சுத்தான் தள்ளணும், பம்ப் நின்னா கழிவு கடலுக்குள்ள போற ஆபத்து இருக்கு. குடிதண்ணியும் அப்படித்தான், தீவுக்கு வர்ற தண்ணியில பெரும்பங்கு சுங்கை மூடாவுல எடுத்து, பெருநிலத்துல இருந்து கடலுக்கடியில குழாய் போட்டுக் கொண்டு வர்றது. தீவே தன் காலுல நிக்க முடியாம வெளியத் தண்ணியில வாழுது, அதுக்குப் பக்கத்துல மிதக்குற ஊரு தன்னிறைவா இருக்கும்னு விளம்பரப் படத்துல காட்டுறதை நம்பாதீங்க. சோலார், மழைத்தண்ணி, மறுசுழற்சின்னு 50 வீட்டுக்குப் பண்ணலாம், ஆம்ஸ்டர்டாம்ல ஸ்கூன்ஸ்கிப்னு 46 குடும்பம் அப்படி வாழுறாங்க, ரொம்ப அழகா பண்ணியிருக்காங்க. ஆனா அங்க தண்ணி கால்வாய்த் தண்ணி, நம்ம மாதிரி ஏத்தவத்தம் கிடையாது. டச்சுக்காரங்க மிதக்கும் வீடு எல்லாமே பெரும்பாலும் இப்படி அடங்கின தண்ணியிலதான். சிங்கப்பூர் மேடையும் அணைக்கட்டு போட்டு அடக்கின தண்ணியிலதான் இருந்துச்சு. மாலத்தீவு திட்டம் பவளப்பாறை வளையத்துக்குள்ள, மாலேவுல இருந்து போட்ல 10 நிமிஷ தூரம், 5,000 வீடுன்னு அறிவிச்சாங்க. தென் கொரியாவுல பூசானுக்கு 6.3 ஹெக்டேர்ல 12,000 பேருக்கு ஒரு திட்டத்தை 2022ல காட்டுனாங்க. அறிவிச்சது வேற, ஆளுங்க குடியிருக்குறது வேற, இந்த வித்தியாசத்தை மட்டும் மறக்காதீங்க. அதே மாலத்தீவு அரசாங்கம் மாலே நெரிசலைக் கொறைக்க நெஜமாவே ஆளுங்களைக் குடிவெச்ச எடம் ஹுல்ஹுமாலே, அது 1997ல இருந்து மண்ணு கொட்டித் தூர்த்து எடுத்த நிலம்.

நம்ம கடலுக்கு வந்தா இன்னொரு தடை ஆழம். சியூ ஜெட்டி முனையில தண்ணி வத்துற நேரத்துல நின்னு பாருங்க, கீழ சேறுதான், நண்டு ஓடுற தடம்தான். கர்னி டிரைவ் பக்கமும் அதே கதை. மேல சொன்ன அந்த ஒரு வீட்டுப் பாண்டூனே 1.8 மீட்டர் உள்ள இருக்கும், கொறஞ்ச தண்ணியிலயும் அது தரை தட்டாம இருக்கணும்னா 3 மீட்டர் ஆழமாவது எப்பவும் இருக்கணும். கரையோரத்துல அது கெடையாது. ஒண்ணு கப்பல் போற வழிக்குப் பக்கத்துல போகணும், இல்ல தோண்டணும், தோண்டினா இந்தப் பக்கத்துச் சேறு திரும்ப வந்து நெரம்பும், திரும்பத் தோண்டணும். கடலைக் காப்பாத்தணும்னு ஆரம்பிச்சு வருஷாவருஷம் கடலடியைக் கிண்டுற நெலமைக்கு வந்துடுவோம்.

இப்ப பாதுகாப்பு. மலாக்கா நீரிணைக்கு சுமத்ரா ஒரு மதில் மாதிரி நிக்குது, அதனால சாதாரண நாள்ல அலை கொறைவுதான், இது நமக்குப் பெரிய வரம். ஆனா விடியற்காலையில திடீர்னு வர்ற சுமத்ரா காத்து தெரியும்ல, அரைமணி நேரத்துல கூரையைத் தூக்கும், மிதக்குறதைப் புடிச்சு வெக்கிற மூரிங் சங்கிலிக்கு உண்மையான பரீட்சை அதுதான். சுனாமியைப் பத்தித் தம்பி சொன்னது பாதி சரி. ஆழ்கடல்ல கப்பல் மேல ஏறி எறங்கிடும், மேல இருக்குறவங்களுக்குத் தெரியக்கூட தெரியாது. கரையோரத்துல அது அலை மாதிரி வராது, வேகமான ஆறு மாதிரி வரும், உள்ள வந்து திரும்ப வெளிய இழுக்கும். 2004ல மலேசியாவுல செத்த 68 பேர்ல 52 பேர் செத்தது பினாங்குலதான், அந்தத் தண்ணி எவ்வளவு இழுக்கும்னு தீவுல வயசானவங்ககிட்ட கேட்டாலே தெரியும். 2011 ஜப்பான் சுனாமியில மிசாவா துறைமுகத்துல இருந்த மிதக்கும் ஜெட்டி பிச்சுக்கிட்டுப் போயி, அடுத்த வருஷம் ஜூன்ல பசிபிக் கடலைத் தாண்டி அமெரிக்காவுல ஓரிகன் கடற்கரையில ஒதுங்குச்சு. 20 மீட்டர் நீளம், 100 டன்னுக்கு மேல எடை. கவனிச்சீங்களா, அது முழுகல, மிதந்துக்கிட்டேதான் இருந்துச்சு. புடிச்சு வெச்சிருந்ததுதான் போயிடுச்சு. வீடு வீடா அப்படி அறுந்து ஒண்ணோட ஒண்ணு மோதினா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க. பெட்டி புடிச்சுக்கிட்டு ஏறி எறங்குற வழிகாட்டித் தூணை நல்லா உயரமா வெச்சு, இழுவிசைக்குக் கணக்குப் போட்டு வடிவமைக்கலாம், முடியாதது இல்ல, ஆனா "மிதக்குது, அதனால பாதுகாப்பு"ன்னு மட்டும் யாரும் சொல்லக்கூடாது.

முழுகுறதும் நடக்கும். அமெரிக்காவுல சியாட்டல்ல வாஷிங்டன் ஏரி மேல கான்கிரீட் பெட்டியில மிதக்குற பாலம் ஒண்ணு, 1940ல தொறந்தது, 50 வருஷம் நல்லா இருந்துச்சு. 1990ல பழுது பாக்குறப்போ கான்கிரீட்டை உடைக்கப் பயன்படுத்துன தண்ணியை அந்தப் பெட்டிகளுக்குள்ளயே தேக்கி வெச்சாங்க, வேலைக்காக சில தெறப்பும் மூடாம இருந்துச்சு, நவம்பர் கடைசியில புயலும் மழையும் சேர்ந்து உள்ள தண்ணி ஏற, பெட்டி ஒவ்வொண்ணா அடியில போயிடுச்சு. யாரும் சாகல. ஆனா அந்தப் பாடம் எங்க தொழில்ல எல்லாரும் படிக்கிறது, 50 வருஷம் நின்னது போனது பழுது பாக்குற நேரத்துல, உள்ள தண்ணியைத் தேக்கி, தெறப்பையும் மூடாம விட்டப்போதான். மிதக்குற ஊருன்னா ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ள எறங்கி டார்ச் அடிச்சு ஈரம் இருக்கான்னு பாக்குற ஆளு தலைமுறை தலைமுறையா வேணும். நம்ம ஊரு ஃபிளாட்ல லிஃப்ட் கெட்டா எத்தனை நாள் ஆகுது சரி பண்ண, மெயின்டனன்ஸ் காசு எத்தனை பேரு ஒழுங்கா கட்டுறாங்க? எனக்கு உண்மையிலேயே பயம் இந்த எடத்துலதான்.

கடல் தப்பிக்குமாங்கிறதுக்கு வரேன். நிச்சயமா தெரிஞ்சது, மண்ணு கொட்டினா அந்த எடத்துல அடியில இருக்குறது எல்லாம் பொதைஞ்சு போகும், மணலை வேற எங்கயோ தோண்டி எடுக்குற எடமும் கெடும், மிதக்குறது அப்படி இல்ல, அடியில தண்ணி ஓடும். அதுல அது ரொம்பவே மேல். அதே அளவுக்கு நிச்சயம், பெரிய பரப்பை மூடினா வெளிச்சம் போகும், வெளிச்சம் இல்லன்னா கடல்புல் வாழாது. பினாங்குப் பாலத்துக்குப் பக்கத்துல மிடில் பேங்க் திட்டுல நல்ல கடல்புல் படுகை இருக்கு, அங்க மேல ஒரு தட்டைப் போட்டா மண்ணு கொட்டாமலேயே அழிச்சிடலாம். அதேசமயம் ஆழமான சேத்துத்தரை மேல சின்னச் சின்னதா இடைவெளி விட்டு மிதக்க வெச்சா மீன் வந்து அண்டுறதும் உண்டு, கெலோங்ல (கடல்ல நிக்கிற மீன்பிடி மேடை) பாக்குறோமே. பெரிய நகர அளவுல இது எந்தப் பக்கம் சாயும்னு யாராலயும் இப்ப உறுதியா சொல்ல முடியாது, ஏன்னா அந்த அளவுல ஒண்ணு இன்னும் நீண்டகாலம் இருந்ததே இல்ல. இங்க நான் நிறுத்திக்கிறேன், முகா ஹெட்ல யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) கடல் ஆய்வு மையத்துல இருக்குறவங்களும் தெலுக் கும்பார், பெர்மாத்தாங் டாமார் லாவுட் மீனவங்களும் சொல்றதுக்குத்தான் இதுல எடை அதிகம்.

யாருமே பேசாத ஒண்ணு பாக்கி இருக்கு, பட்டா. ஜெட்டி வீட்டுக்காரங்க எத்தனையோ தலைமுறையா அங்க இருந்தும் வருஷாவருஷம் புதுப்பிக்கிற தற்காலிக உரிமத்துலதான் இருக்காங்க. 2006ல ரெண்டு ஜெட்டியை வீட்டுத்திட்டத்துக்காக எடுத்தாங்க, மிச்சம் இருக்குறது 2008 யுனெஸ்கோ பட்டியலால நிக்குது. நிலத்தோட ஒட்டாத வீட்டுக்கு எந்த பேங்க் 35 வருஷ வீட்டுக்கடன் தரும், இன்ஷூரன்ஸ் வீடுன்னு பாக்குமா படகுன்னு பாக்குமா? கடல்சட்டத்துலயும் செயற்கைத் தீவுக்குத் தீவுன்னு அந்தஸ்து கிடையாது. எஞ்சினியரிங் தயாரா இருந்தாலும் இந்தக் காகிதம் தயாரா இல்லன்னா அங்க குடிபோறவன் பணக்காரனா மட்டும்தான் இருப்பான், மீனவன் மகன் இல்ல.

அப்ப பினாங்குல எங்க ஆரம்பிக்கலாம்னு கேட்டா, நான் நகரத்துல ஆரம்பிக்க மாட்டேன். ஜெரெஜாக், பூலாவ் அமான் பக்கம் மீன் வளர்க்குற கூண்டுங்க ஏற்கனவே மிதக்குது, பாதி எடத்துல நீலக்கலர் டிரம்மும் கயிறும்தான், காத்தடிச்சா அறுந்து போகுது. அதுக்கு நல்ல பாண்டூனும் ஒழுங்கான மூரிங்கும் கொடுத்தா இன்னைக்கே மீனவனுக்குப் பலன். ஏத்தவத்தத்துல வயசானவங்க சம்பான்ல ஏற முடியாம சேத்துல எறங்கி நடக்குற எடத்துல ஒரு மிதக்கும் எறங்குதுறை. பெருநிலத்துல வெள்ளம் அடிக்கடி வர்ற ஆத்தோரக் கிராமங்கள்ல, டச்சுக்காரங்க மாஸ்பொமல்ல கட்டுன மாதிரி, சாதாரணமா தரையில உக்காந்து வெள்ளம் வந்தா மட்டும் தூணைப் புடிச்சு மேல எழும்புற வீடு, இது நம்ம நாட்டுக்கு மிதக்கும் நகரத்தைவிட எவ்வளவோ தேவை. தம்பி இந்தப் பக்கம் படிக்க ஆசைப்பட்டா சிவில் மட்டும் போதாது, கப்பல் கட்டடக்கலையும் சேத்துப் பாருங்க, ஜொகூர் ஸ்கூடாய்ல யூடிஎம்ல (மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) அந்தப் படிப்பு இருக்கு. ரெண்டும் தெரிஞ்ச ஆளு இங்க ரொம்பக் கம்மி, ஜெட்டி வேலைக்கு வர்றவங்க தூணைப் பாப்பாங்க, கப்பல் ஆளுங்க பெட்டியைப் பாப்பாங்க, நான் மேல சொன்ன அந்தக் கீலை ரெண்டு பேருமே அடுத்தவன் பாத்துக்குவான்னு விட்டுடறாங்க.